மூலைமட்டமும் பாகைமானியும்: சின்னப் பிள்ளைகளுக்குக் கோணம் சொல்லிக் கொடுத்தல்



சென்ற மாதம் இந்த நேரத்தில் பேசியபோது, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு உதவ முடியவில்லையே என்று கவலைப்படும் பெற்றோர்கள் சிலர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தார்கள். "நாங்கள் படித்த கணக்கு வேறு, இங்கே படிப்பிக்கிற கணக்கு வேறு" என்பதுதான் அவர்களுடைய முறைப்பாடு. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு சின்ன விடயத்தை எடுத்துக்கொண்டு உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது கோணம். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு கோணத்தைப் பார்த்து இது என்ன வகை என்று சொல்வதற்கும், கேட்ட கோணத்தை வரைவதற்கும் நாங்கள் எப்படி உதவலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் கணிதம் படிப்பித்தவள். இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தின் பேஸ்மென்றில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அங்கே ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சின்னப் பெண் வருவாள். நல்ல கெட்டிக்காரி, கூட்டல் பெருக்கல் எல்லாம் மளமளவென்று செய்வாள். ஒருநாள் பாடசாலையில் கொடுத்த தாளொன்றைக் கொண்டுவந்தாள். அதிலே ஒரு கோணத்தை அளந்து 130 பாகை என்று எழுதி, ஆசிரியர் அதைப் பிழை என்று வெட்டியிருந்தார். நான் பார்த்தேன். அது ஒரு சின்னஞ்சிறு கோணம், 50 பாகை. கத்தரிக்கோலைக் கொஞ்சம் திறந்தது போல இருந்தது.

"பிள்ளை, இதைப் பார்த்தால் 130 போலவா இருக்குது?" என்று கேட்டேன்.

"பாகைமானியில அப்பிடித்தான் இருந்தது ரீச்சர்" என்றாள்.

அவள் சொன்னதும் உண்மைதான். பாகைமானியில் இரண்டு வரிசை எண்கள் உண்டு. ஒன்று இடமிருந்து வலமாகப் போகும், மற்றது வலமிருந்து இடமாகப் போகும். 50 இருக்கிற இடத்திலேயே 130 உம் எழுதியிருக்கும். அவள் மற்ற வரிசையைப் பார்த்துவிட்டாள். ஆனால் என்னை யோசிக்க வைத்தது அதுவல்ல. கண்ணுக்கு முன்னால் இருக்கிற கோணம் சின்னதா பெரியதா என்று அவள் பார்க்கவேயில்லை. எண்ணைப் பார்த்தாள், எழுதினாள்.

சரி என்று ஒரு தாளில் இரண்டு கோணங்களை வரைந்து கொடுத்தேன். இரண்டும் ஒரே அளவு. ஒன்றுக்குப் புயங்கள் இரண்டு அங்குலம், மற்றதுக்கு ஆறு அங்குலம். "எது பெரிசு?" என்று கேட்டேன். யோசிக்காமலே நீளப் புயங்கள் உள்ளதைக் காட்டினாள். பிறகு ஒரு செங்கோணத்தைச் சரித்து வரைந்தேன். அது செங்கோணம் இல்லை என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அது விழுந்து கிடக்குது" என்றாள்.

நேயர்களே, அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் ஊரில் என்னிடம் படித்த பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன். நான் எப்படிப் படிப்பித்தேன்? கரும்பலகையில் செங்கோணத்தை எப்போதும் அடிக்கோடு படுக்கையாகவே வரைந்தேன். "90 பாகையிலும் குறைந்த கோணம் கூர்ங்கோணம் எனப்படும்" என்று எழுதிப் போட்டு, கொப்பியில் எழுதுவித்து, பாடமாக்கச் சொன்னேன். பிள்ளைகளும் பாடமாக்கினார்கள், சோதனையில் புள்ளியும் எடுத்தார்கள். ஒரு பையன் இதே போலப் பாகைமானியின் மற்ற வரிசையைப் பார்த்து எழுதியதற்கு, கவனக்குறைவு என்று சொல்லி வாங்கின் மேல் ஏற்றி நிற்க வைத்தேன். அவனும் இந்தச் சின்னப் பெண்ணைப் போலத்தான் இருந்திருப்பான். அவனிடம் கவனக்குறைவு இருக்கவில்லை. கோணம் என்றால் என்ன என்று நான் அவனுக்குக் காட்டவேயில்லை. அந்தக் குறை என்னுடையது.

இதைப் பற்றி ஏற்கெனவே ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒல்லாந்து நாட்டில் பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்ற கணவனும் மனைவியும் ஆசிரியர்களாக இருந்தவர்கள். 1957 ஆம் ஆண்டில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு இருவரும் ஆய்வேடுகள் கொடுத்தார்கள். கேத்திர கணிதத்தில் பிள்ளையின் அறிவு படிப்படியாகத்தான் ஏறும் என்பது அவர்கள் கண்ட முடிவு. முதலில் பிள்ளை ஓர் உருவத்தை முழுதாகப் பார்த்து, இது கதவு மாதிரி, இது கூரை மாதிரி என்று அறிகிறது. அதன் பிறகுதான் அதன் இயல்புகளைப் பிரித்துக் காண்கிறது. வரைவிலக்கணம் அதற்கும் பிறகு. பிள்ளை கீழ்ப்படியில் நிற்க, ஆசிரியர் மேற்படியில் நின்று பேசினால் பிள்ளைக்கு விளங்காது, வெறுமனே பாடமாக்கும் என்றார்கள். நான் செய்த பிழையும் அதுதான்.

சரி, அப்படியென்றால் எங்கே தொடங்குவது? பாகைமானியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

முதலாவது, கோணம் என்பது ஒரு திரும்புதல் என்று பிள்ளைக்குக் காட்ட வேண்டும். வீட்டுக் கதவே போதும். கதவைச் சாத்தி வைத்துவிட்டு மெல்ல மெல்லத் திறவுங்கள். கொஞ்சம் திறந்தால் சின்னக் கோணம், இன்னும் திறந்தால் பெரிய கோணம். கதவு நீளவுமில்லை, குறையவுமில்லை. அது திரும்பின அளவுதான் கூடுகிறது. அலுமாரியின் சின்னக் கதவையும் வாசல் பெரிய கதவையும் ஒரே அளவு திறந்து காட்டினால், புயம் நீளமென்றால் கோணம் பெரிது என்ற எண்ணம் தானாகப் போய்விடும். இரண்டு மட்டைத் துண்டுகளை ஒரு நுனியில் துளையிட்டு நூலால் கட்டினாலும் நல்ல விளையாட்டுச் சாமான் கிடைக்கும். துண்டுகள் இரண்டும் புயங்கள், கட்டிய இடம் உச்சி.

இரண்டாவது, செங்கோணத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். ஒரு தாளை எடுங்கள். ஓரம் கிழிந்த தாளென்றாலும் பரவாயில்லை. அதை ஒருமுறை மடியுங்கள். ஒரு நேரான மடிப்பு வரும். இப்போது அந்த மடிப்பின் ஒரு பாதி மற்றப் பாதியின் மேல் சரியாகப் பொருந்தும்படி இன்னொருமுறை மடியுங்கள். கிடைக்கிற மூலை செங்கோணம். நேர்கோணத்தைச் சரிபாதியாக்கினால் செங்கோணம் வரும் என்பது பிள்ளையின் விரலுக்கே தெரிந்துவிடும். அந்த மூலையை இன்னொருமுறை பாதியாக மடித்தால் 45 பாகை.

மடித்த அந்த மூலையைக் கையில் கொடுத்து வீட்டைச் சுற்றி வரச் சொல்லுங்கள். யன்னல் மூலையில் வைத்துப் பார்க்கட்டும், மேசையில், குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்க்கட்டும். சரியாகப் பொருந்தினால் செங்கோணம். தாளின் மூலைக்குள் அடங்கினால் கூர்ங்கோணம். தாளுக்கு வெளியே விரிந்து நின்றால் விரிகோணம். எட்டாக வெட்டிய பீட்சாத் துண்டின் நுனியில் வைத்தால் செங்கோணத்தின் பாதி. விழுந்து கிடக்கிற செங்கோணத்தின் மேல் தாளையும் சரித்து வைத்தால் அதுவும் பொருந்தும். "பார், விழுந்தாலும் அது அதுதான்" என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சொன்னேன். சிரித்துவிட்டு, கதிரைக் கால் எல்லாவற்றையும் அளக்கப் போய்விட்டாள்.

இங்கே ஒன்று கவனியுங்கள். இதுவரைக்கும் நாங்கள் பாகை என்ற சொல்லை அவளிடம் சொல்லவேயில்லை. பாகை இல்லாமலே வகைகளைச் சொல்ல முடியும். கிரேக்கத்து யூக்கிளிட் ஏறக்குறைய 2,300 வருடங்களுக்கு முன் எழுதிய மூலங்கள் என்ற நூலிலும் அப்படித்தான். ஒரு நேர்கோட்டின் மேல் இன்னொரு நேர்கோடு நின்று இரண்டு பக்கத்துக் கோணங்களும் சமமானால் அவை செங்கோணங்கள். அதிலும் பெரியது விரிகோணம், அதிலும் சிறியது கூர்ங்கோணம் என்றுதான் அவர் முதற் புத்தகத்தில் வரையறுக்கிறார். 90 என்ற எண் அங்கே இல்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் 2020 ஆம் ஆண்டுக் கணிதப் பாடத்திட்டமும் இதே ஒழுங்கில்தான் போகிறது. நாலாம் வகுப்பில் கோணங்களை இனங்கண்டு வகைப்படுத்துவது, ஐந்தாம் வகுப்பில் பாகைமானி எப்படி வேலை செய்கிறது என்று அறிந்து அளப்பதும் வரைவதும். ஆகவே பாடசாலை வேறு, நாங்கள் வேறு என்று பயப்பட வேண்டியதில்லை.

அடுத்து பெயர்கள். இந்த இடத்தில் தமிழ் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி செய்யும். ஆங்கிலத்தில் கூர்ங்கோணத்துக்கும் விரிகோணத்துக்கும் உள்ள பெயர்கள் இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. ஒன்றுக்குக் கூர்மை என்றும் மற்றதுக்கு மழுங்கல் என்றும் பொருள். ஆங்கிலம் பேசுகிற பிள்ளைக்கும் அது விளங்காது. எங்கள் பெயர்களோ தாங்களே விளக்கம் சொல்கின்றன. கூராக இருப்பது கூர்ங்கோணம். விரிந்து இருப்பது விரிகோணம். நேராகக் கிடப்பது நேர்கோணம், அதாவது 180 பாகை. அதையும் தாண்டிப் பின்னால் வளைந்து போவது பின்வளைகோணம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் கூர்ங்கோணத்தைக் குறுங்கோணம் என்பார்கள், பாகைமானியைக் கோணமானி என்பார்கள். அதுவும் விளங்குகிற பெயர்தான்.

செங்கோணம் என்று சொன்னதும் அந்தப் பெண், "சிவப்புக் கோணமா ரீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி! செம்மை என்றால் சிவப்பு மட்டுமல்ல, நேர்மை, ஒழுங்கு என்ற பொருளும் உண்டு என்று சொன்னேன். அன்றிலிருந்து அவள் செங்கோணத்தைச் சிவப்புப் பென்சிலாலேயே வரைகிறாள். நான் தடுக்கவில்லை.

பெயர்கள் பழகிய பின்னர் வெளியிலே கூட்டிப் போங்கள். ஸ்காபரோவில் இருப்பவர்களுக்குக் கிங்ஸ்ரன் வீதி தெரியும். மற்றப் பெருந்தெருக்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிப் போக, கிங்ஸ்ரன் வீதி சரிவாக வடகிழக்கே ஓடுகிறது. அது இன்னொரு தெருவைச் சந்திக்கிற சந்தியில் ஒரு பக்கம் கூர்ங்கோணமும் பக்கத்திலேயே விரிகோணமும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு நேர்கோணம். வரைபடத்தை விரித்து வைத்துக் காட்டுங்கள். பாகைமானியின் 50 உம் 130 உம் ஏன் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதற்கான விடை அந்தச் சந்தியிலேயே இருக்கிறது. அந்த இரண்டையும் கூட்டினால் 180.

முள்ளு உள்ள மணிக்கூடும் நல்ல ஆசிரியர். 1 மணிக்கு 30 பாகை, 2 மணிக்கு 60, 3 மணிக்குச் செங்கோணம், 5 மணிக்கு 150, 6 மணிக்கு நேர்கோணம். 3 மணிக்கு மற்றப் பக்கத்தால் சுற்றிப் பார்த்தால் 270 பாகை, அது பின்வளைகோணம். பிறகு 3 மணி 30 நிமிடத்துக்கு என்ன கோணம் என்று கேளுங்கள். பலர் 90 என்று சொல்வார்கள், பெரியவர்களும் சொல்வார்கள். மணி முள்ளும் அரைவாசி நகர்ந்திருக்கும் அல்லவா? ஆகவே 75.

இப்போது லாச்சியைத் திறந்து பாகைமானியை எடுக்கலாம். அதற்கு முன் ஒரு விதி. அளக்கிறதுக்கு முதல் பிள்ளை வாயால் சொல்ல வேண்டும்: இது கூரா, விரியா? கூர் என்று சொன்ன பிறகு பாகைமானியில் 130 ஐக் கண்டால் பிள்ளையே "இல்லை, மற்ற வரிசை" என்று திருத்திக்கொள்ளும். பிறகு, பாகைமானியின் நடுப்புள்ளியை உச்சியில் வைக்க வேண்டும். பூச்சியக் கோட்டை ஒரு புயத்தோடு பொருத்த வேண்டும். பல பாகைமானிகளில் பூச்சியக் கோடு அடி விளிம்பில் இல்லை, கொஞ்சம் மேலே இருக்கும். பிள்ளைகள் விளிம்பை வைத்து அளந்து பிழை விடுகிற இடம் அது. பொருத்திய புயத்தில் எந்த வரிசை பூச்சியத்தில் தொடங்குகிறதோ அந்த வரிசையிலேயே எண்ணிப் போக வேண்டும். புயம் கட்டையாக இருந்தால் அடிமட்டம் வைத்து நீட்டலாம். நீட்டினால் கோணம் மாறாது என்பதுதான் கதவிலே பார்த்தாயிற்றே!

வரைவதற்கும் இதே ஒழுங்குதான். 50 பாகை வரையச் சொன்னால் முதலில் அளவுகருவி இல்லாமல் வெறும் கையால் வரையட்டும். செங்கோணத்தை நினைத்து, அதன் பாதியை நினைத்து, அதிலும் கொஞ்சம் கூட என்று கணித்து வரையட்டும். பிறகு அடிமட்டத்தால் ஒரு புயம் கீறி, உச்சிக்குப் புள்ளி வைத்து, பாகைமானியைப் பொருத்தி, 50 இல் ஓர் அடையாளம் வைத்து, இரண்டையும் இணைக்கட்டும். தன் கையால் வரைந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒன்றிரண்டு பாகை அப்படி இப்படி இருந்தால் ஏசாதீர்கள். பென்சில் கோட்டுக்கும் தடிப்பு உண்டு.

கடைசியாக ஒன்று. ஒரு சனிக்கிழமை அந்தப் பெண்ணைக் கூட்டிப்போக அவளுடைய அப்பா வந்தார். வீடுகளுக்கு ரைல்ஸ் பதிக்கிற வேலை செய்கிறவர். மகள் கோணம் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றார். "வந்து பாருங்கோ தம்பி" என்றேன். "இல்லை ரீச்சர், எனக்கு உதெல்லாம் தெரியாது. 1995 இடப்பெயர்வோட எட்டாம் வகுப்பில படிப்பு நிண்டு போச்சு. இவள் கேக்கேக்க நான் அங்கால போயிடுவன்" என்றார். சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை.

அந்த ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தெருவுக்கு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எத்தனை பிள்ளைகளின் கொப்பிகள் அதோடு மூடப்பட்டன!

நான் கேட்டேன்: "ரைல்ஸ் பதிக்கேக்க முதல் வரிசையை எப்பிடி நேராக்குவியள்?"

"அது சுகம் ரீச்சர். ஒரு பக்கம் 3 அடி, மற்றப் பக்கம் 4 அடி அடையாளம் வைப்பம். குறுக்கால 5 அடி வந்தால் மூலை சரி" என்றார். சொல்லிக்கொண்டே யக்கற்றுக்குள் இருந்த அளவு நாடாவை எடுத்தார்.

"மகளுக்குச் செய்து காட்டுங்கோ" என்றேன்.

இருவரும் அந்த பேஸ்மென்ற் மூலையில் முழங்காலில் இருந்தார்கள். ஒரு சுவரோரம் 3 அடி, மற்றச் சுவரோரம் 4 அடி. அவள் ஒரு நுனியைப் பிடித்தாள், அவர் மற்ற நுனியைப் பிடித்தார். குறுக்கே அளந்தால் 5 அடியும் அரை அங்குலமும் வந்தது. அவர் தலையை ஆட்டி, "சுவர் கட்டினவன் சரியாக் கட்டேல்லை" என்றார். அவள் நாடாவைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள். பிறகு, "அப்பா, அஞ்சை விடக் கூட எண்டால் இது விரிஞ்சு போச்சு. அப்ப இது விரிகோணம்!" என்று கத்தினாள். நான் வீட்டுக்கு வந்து கணித்துப் பார்த்தேன். அந்த மூலை 91 பாகை. பாகைமானியில் ஒரேயொரு பாகைதான் வித்தியாசம், ஆனால் அவருடைய நாடா அதைக் கண்டுபிடித்துவிட்டது.

போகும்போது அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் இவ்வளவு நாளும் செய்தது கணக்கோ ரீச்சர்?"

"கணக்குத்தான் தம்பி" என்றேன். இப்போது வீட்டுப்பாடம் வந்தால் அவர் அங்கால போவதில்லையாம். மகள்தான் வந்து சொன்னாள்.

பெற்றோர்களே, பிள்ளைக்கு முன்னால் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லாதீர்கள். சேலை தைக்கிறவருக்கும், தச்சு வேலை செய்கிறவருக்கும், வாகனத்தைச் சரித்து நிறுத்துகிறவருக்கும் கோணம் தெரியும். பெயர் மட்டும்தான் மறந்து போயிருக்கும். இந்தக் கிழமை ஒரு தாளை இரண்டு முறை மடித்து உங்கள் பிள்ளையின் கையில் கொடுங்கள். வீட்டில் செங்கோணம் இல்லாத மூலைகள் மூன்றைக் கண்டுபிடித்து, அவை கூரா விரியா என்று சொல்லி, கொப்பியில் வரைந்து வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட இருந்து தேடுங்கள்.

ஊரில் வாங்கின் மேல் நின்ற அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ எனக்குத் தெரியாது. உலகத்தில் எங்காவது இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், "தம்பி, அண்டைக்குப் பிழை என்னுடையது" என்று இந்த வானொலி மூலம் அவனுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.